டன்ஸ்டன்பரோ கோட்டை: எழுந்த காரணமும் கைவிடப்பட்ட வரலாறும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தின் கிராஸ்டர் என்னும் மீனவச் சிற்றூருக்கு வடக்கே, கடலை நோக்கி நீண்டு நிற்கும் ஒரு பாறை முனையில் டன்ஸ்டன்பரோ கோட்டை இடிந்து கிடக்கிறது. ஊரிலிருந்து அங்கே போவதற்கு இன்றும் பொதுச் சாலை கிடையாது. கரையோரப் புல்வெளி வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தே போக வேண்டும். நார்தம்பர்லாந்தில் கோட்டைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் பரப்பளவில் பெரியது இதுதான்: மதிலுக்குள் அடங்கிய நிலம் மட்டும் 4 ஹெக்டேருக்கு மேல். இத்தனை பெரிய கோட்டை எதைக் காக்க எழுந்தது என்று தேடினால் கண்ணில் எதுவும் படுவதில்லை. அதன் நிழலில் வளர்ந்த நகரம் இல்லை. ஆற்றைக் கடக்கும் பாலம் இல்லை. ஸ்காட்லாந்துக்குப் போகும் வடக்குப் பெருவழி உள்நாட்டில் வெகுதொலைவில் செல்கிறது. படையெடுத்து வரும் ஒரு சேனை இக்கோட்டையை ஏறெடுத்தும் பாராமல் தெற்கே போய்விடலாம்.

ஒரு கோட்டையின் வரலாற்றை முற்றுகைகளின் பட்டியலாக எழுதிவிடுவது வழக்கம். டன்ஸ்டன்பரோவுக்கு அந்த முறை போதாது. 1313-இல் இதைக் கட்டத் தொடங்கிய தாமஸ் என்னும் பெருநிலக்கிழார் அப்போதைய இங்கிலாந்தில் மன்னருக்கு அடுத்த செல்வமும் செல்வாக்கும் உடையவராக இருந்தார். ஒன்பதே ஆண்டுகளில் அந்த மன்னரின் ஆணையாலேயே அவர் தலை வெட்டப்பட்டது. தப்பிப் போக அவருக்கு இருந்த ஒரே போக்கிடமாக அவருடைய தோழர்கள் கருதியது இந்தக் கோட்டையைத்தான். அவர் அங்கே போய்ச் சேரவில்லை. இந்த நிகழ்வை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் கோட்டையின் இடமும் அமைப்பும் பிற்கால வீழ்ச்சியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பது என் கருத்து.

நிலம்

கோட்டை நிற்கும் பாறை விண் சில் எனப்படும் டோலரைட் படுகையின் ஒரு முனை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்து இறுகிய எரிமலைக் குழம்பு அது. பாம்பரோ கோட்டையும் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் கோட்டையும் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலின் ஒரு பகுதியும் இதே படுகையின் மேல்தான் அமைந்துள்ளன. டன்ஸ்டன்பரோவில் இப்பாறை மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. வடக்கில் கல் கிராக் என்னும் செங்குத்தான கரும்பாறைச் சுவர் கடலுக்கு மேலே எழுகிறது. அங்கே மனிதன் மதில் எழுப்பத் தேவை இருக்கவில்லை. கிழக்கில் அலை, மேற்கில் செங்குத்துச் சரிவு, தெற்கில் மட்டுமே எளிதாக அணுகக்கூடிய தாழ்நிலம். இம்முனையின் இயற்கை அரண் தாமஸுக்கு முன்பே மனிதர் கண்ணில் பட்டிருக்கிறது; இரும்புக் காலத்தில் இங்கே மக்கள் அரண் அமைத்து வாழ்ந்ததற்கான தடயங்களை ஆய்வாளர்கள் இனம் கண்டுள்ளனர்.

வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், அதே கரையில், அரசருக்குச் சொந்தமான பாம்பரோ கோட்டை நிற்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியும். இது தற்செயலாகத் தோன்றலாம். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கட்டியவர்

லங்காஸ்டரின் ஏர்ல் தாமஸ் மூன்றாம் ஹென்றி மன்னரின் பேரன். அப்போதைய மன்னர் இரண்டாம் எட்வர்டுக்குப் பெரியப்பா சித்தப்பா முறையில் உடன்பிறப்பு. ஏர்ல் என்பது ஒரு பெருநிலக்கிழாருக்குரிய பட்டம். தாமஸிடம் லங்காஸ்டர், லெஸ்டர், டெர்பி, லிங்கன், சாலிஸ்பரி என ஐந்து பட்டங்கள் குவிந்திருந்தன. இவற்றின் நிலங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் லங்காஷயர், யார்க்‌ஷயர் பகுதிகளிலும் இருந்தன. நார்தம்பர்லாந்துக் கரையில் இக்கோட்டை எழுந்த எம்பிள்டன் நிலம் அவற்றுக்கெல்லாம் வெகுதூரத்தில் தனித்துக் கிடந்தது. அது அவருடைய குடும்பத்துக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. அதற்கு முன் அதை வைத்திருந்தவர் மூன்றாம் ஹென்றியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த சைமன் டி மான்ட்ஃபோர்ட். 1265-இல் ஈவ்ஷாம் போர்க்களத்தில் அவர் கொல்லப்பட்டபின் அவருடைய உடைமைகள் மன்னரின் இளைய மகன் எட்மண்டுக்குப் போயின. எட்மண்டின் மகனே தாமஸ். ஒரு கிளர்ச்சியாளரின் நிலத்தில், இன்னொரு கிளர்ச்சியாளராக உருவாகிக்கொண்டிருந்தவர், தம் கோட்டையைக் கட்டினார்.

கட்டுமானம் தொடங்கிய காலத்தை அரசியல் நாள்காட்டியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டாம் எட்வர்டின் நெருங்கிய தோழர் பியர்ஸ் காவெஸ்டனை ஒழிக்கத் தாமஸும் வேறு சில ஏர்ல்களும் 1312 வசந்தத்தில் படை திரட்டினர். மே மாதத் தொடக்கத்தில் தாமஸின் படை நியூகாஸிலை நெருங்கியபோது, மன்னரும் காவெஸ்டனும் டைன்மவுத்திலிருந்து கடல் வழியே தப்பி, தெற்கேயுள்ள ஸ்கார்பரோ கோட்டைக்குப் போனார்கள். மன்னர் விட்டுச்சென்ற குதிரைகளும் நகைகளும் தாமஸின் கையில் சிக்கின. ஸ்கார்பரோவில் விடப்பட்ட காவெஸ்டன் முற்றுகைக்குப் பின் சரணடைந்தார். ஜூன் 19 அன்று, வார்விக் அருகே தாமஸின் நிலத்துக்குள் அமைந்த பிளாக்லோ குன்றில் வைத்துக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1313 மே மாதத்தில், டன்ஸ்டன்பரோவில் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் மன்னர் ஏர்ல்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். ஆக, மன்னரின் அன்பரைக் கொன்ற குற்றம் மன்னிக்கப்படுவதற்கு முன்பே, கடலோரப் பாறையொன்றில் தாமஸின் கொத்தனார்கள் இறங்கிவிட்டார்கள்.

கடல் வழி திறந்திருந்தால் துரத்தப்படுபவர் எப்படி நழுவ முடியும் என்பதைத் தாமஸ் நியூகாஸிலில் நேரில் கண்டிருந்தார். கடலோரக் கோட்டைக்கு உணவும் ஆளும் முன்கூட்டியே சேர்க்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்கார்பரோ காட்டியது. இந்த இரு பாடங்களும் அடுத்த ஆண்டே அவர் தேர்ந்த இடத்தில் தெரிகின்றன என்று கருதுவதில் பிழையில்லை. டன்ஸ்டன்பரோவின் தென்பகுதியில் படகுகள் ஒதுங்கக்கூடிய ஒரு துறை இருந்தது.

கட்டடம்

வேலைக்குத் தலைமை தாங்கியவர் எலியாஸ் என்னும் கொத்தனார். வேல்ஸ் நாட்டின் கான்வி கோட்டைப் பணியில் ஈடுபட்டிருந்த எலியாஸ் டி பர்ட்டன் என்பவரே இவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். முதல் ஆண்டுக் கணக்கு எஞ்சியிருக்கிறது. அதில் 184 பவுண்டு செலவு காட்டப்பட்டுள்ளது. இரும்பும் நியூகாஸில் நிலக்கரியும் ஸ்காண்டிநேவிய மரமும் கொண்டுவரப்பட்டன. கனத்த பொருள்களைக் கடல் வழியே இறக்க முடிந்ததால்தான் சாலையற்ற அம்முனையில் இவ்வளவு வேகமாகக் கட்ட முடிந்தது. 1319 வாக்கில் கோட்டை நிறைவுற்று, அதற்கென ஒரு கோட்டைத் தலைவரும் அமர்த்தப்பட்டார்.

கோட்டையின் உயிர்நாடி அதன் வாயில் மாளிகை. உருண்டு புடைத்த இரு பெருங்கோபுரங்கள், நடுவே நுழைவழி, மேலே மூன்று தளங்கள், அவற்றுக்கும் மேலே எழுந்த சிறுகோபுரங்கள். தரைத்தளத்தில் காவலர் அறைகள். மேல் தளத்தில் ஏர்ல் அமரும் கூடம். வாயிலும் மாளிகையும் ஒன்றாக இணைந்த இவ்வடிவம் முதலாம் எட்வர்டு வேல்ஸை அடக்கியபின் ஹார்லெக் முதலிய இடங்களில் எழுப்பிய அரசுக் கோட்டைகளுக்கு உரியது. வேல்ஸ் மக்களுக்கு ஆங்கில மன்னரின் ஆட்சியை உணர்த்த உருவான கட்டட மொழியை, அந்த மன்னரின் மகனுக்கு எதிரே நின்ற ஒருவர் தமக்கென எடுத்துக்கொண்டார் என்பதைச் சிறிய செய்தியாக நான் எண்ணவில்லை. பார்த்தவர் எவரும் அதன் பொருளைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

மேற்கு மதிலின் வடகோடியில், பாறையின் மிக உயர்ந்த இடத்தில், பிற்காலத்தில் இங்கே கோட்டைத் தலைவராக இருந்த ஜான் டி லில்பர்னின் பெயரால் அழைக்கப்படும் சதுரக் கோபுரம் நிற்கிறது. போர்முறை நோக்கில் அந்த மூலையில் அவ்வளவு உயரமான கோபுரத்துக்குப் பெரிய தேவை இல்லை. கீழே செங்குத்துப் பாறைதான். ஆனால் வடக்கே பாம்பரோவிலிருந்து பார்ப்பவருக்கு அடிவானத்தில் முதலில் தென்படுவது அதுவே. தெற்கு மதிலில் கோட்டைத் தலைவர் கோபுரமும், கடலை ஒட்டி எகின்கிளூ கோபுரமும் உள்ளன. இவற்றால் சூழப்பட்ட பெரிய வெளிமுற்றத்தில் கட்டடங்கள் குறைவு. அப்பெருவெளி, ஸ்காட்லாந்துக் கொள்ளைப் படைகள் வரும்போது சுற்றுவட்டக் குடியானவர்களும் அவர்களுடைய மாடுகளும் ஒதுங்குவதற்காக விடப்பட்டது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம்.

2003-இல், பழஞ்சின்னங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கோட்டையைச் சுற்றியுள்ள நிலத்தைத் தோண்டாமலேயே அளந்து ஆராய்ந்தபோது, அதுவரை முழுப்பொருள் விளங்காதிருந்த ஒன்று தெளிவாயிற்று. மேற்கிலுள்ள ஈரநிலப் பள்ளங்கள் இயற்கையானவை அல்ல. கரை கட்டி நீர் தேக்கிய மூன்று ஏரிகள். உள்நாட்டு ஊற்றொன்றிலிருந்து வாய்க்கால் வெட்டி அவற்றுக்கு நன்னீர் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் இந்த ஏரிகள் என்றானதும், நிலத்தோடு ஒட்டியிருந்த முனை தீவின் தோற்றம் பெற்றது. ஏரிகள் ஆழமற்றவை. எதிரியைத் தாமதப்படுத்தும், மீன் தரும்; ஆயினும் அவற்றின் முதன்மையான வேலை, நடந்து வருபவரின் கண் முன்னே கோபுரங்களை நீரில் இரட்டித்துக் காட்டுவது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

மூன்று விளக்கங்களும் அவற்றின் எடையும்

ஸ்காட்லாந்துக்கு எதிரான எல்லைக் காவல் என்ற விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1311-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் படைகள் நார்தம்பர்லாந்தை எரித்தன. போர்நிறுத்தத்துக்காக அம்மாவட்ட மக்கள் 2000 பவுண்டு கொடுத்தார்கள். 1314 ஜூனில் பானக்பர்னில் புரூஸிடம் இரண்டாம் எட்வர்டு தோற்றபின் வடக்கு முழுவதும் காப்பாரற்றுப் போனது. கோட்டை குடியானவர்களுக்கு உண்மையாகவே பயன்பட்டிருக்கும்; அந்தத் துயரைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எல்லைக் காவலே நோக்கம் என்றால் பெருவழியையோ ஆற்றுத் துறையையோ நோக்கி ஒரு கோட்டை எழுந்திருக்கும். பானக்பர்ன் போருக்குத் தாமஸ் நேரில் போகவே இல்லை என்பதையும் மறக்கலாகாது.

புகலிடம் என்ற விளக்கம் இதைவிட வலுவானது. வேலை தொடங்கிய மாதம், கடல் துறை, பெருவழியிலிருந்து விலகிய தனிமை, எல்லாம் அதற்கு இசைகின்றன. மூன்றாவது விளக்கம், இது மன்னருக்குக் காட்டப்பட்ட ஒரு சவால் என்பது. மதில் எழுப்ப மன்னரின் அனுமதி 1316-இல் கிடைத்தது; அதாவது வேலை தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பின். அவ்வாண்டின் தொடக்கத்தில் லிங்கனில் கூடிய நாடாளுமன்றம் தாமஸை அரச ஆலோசனைக் குழுவின் தலைவராக ஏற்றிருந்தது. மறுக்க முடியாத நிலையில் இருந்த ஒரு மன்னரிடமிருந்து பெற்ற அனுமதி அது. 1322-இல் வெளியான கடிதங்களில் தாமஸ் ஸ்காட்லாந்துத் தரப்போடு "ஆர்தர் மன்னர்" என்ற மறைபெயரில் தொடர்பு வைத்திருந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. நீர் சூழ்ந்த தீவுக்கோட்டை என்னும் தோற்றத்தை இந்த மறைபெயரோடு சேர்த்துப் பார்த்து, தாமஸ் தம்மைப் பிரிட்டனின் பழங்கதை வீர மன்னரான ஆர்தரின் ஒளியில் காட்ட விரும்பினார் என்று 2003 ஆய்வுக்குப்பின் சொல்லப்படுகிறது. அது பொருத்தமான ஊகம். அதற்கு மேல் அதை உயர்த்த நான் தயங்குகிறேன். ஆனால் பாம்பரோவின் அரசுக் கோபுரங்களை நோக்கி, அரசுக் கோட்டைகளின் வடிவத்திலேயே, மாவட்டத்திலேயே பெரியதாக ஒரு கோட்டையைக் கட்டியது என்ன சொல்கிறது என்பதற்கு ஆர்தர் தேவையில்லை.

புகலிடமும் சவாலும் ஒரே கல்லில் எழுந்தன என்பதே என் முடிவு. ஒளிந்துகொள்ள இடம் தேடுபவர் தம் இருப்பிடத்தை இப்படி விளம்பரப்படுத்த மாட்டார். சவால் விடுபவர் தம் ஆதரவாளர்களிடமிருந்து இவ்வளவு தூரம் விலகி வந்து விட மாட்டார். இந்த முரண்பாட்டின் விலை 1322-இல் தெரிந்தது.

1322 மார்ச்

1319-இல் பெரிக் நகரை ஸ்காட்லாந்திடமிருந்து மீட்க மன்னரும் தாமஸும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தில்தான் தாமஸ் டன்ஸ்டன்பரோவுக்கு வந்தார்; அவர் அங்கே வந்தது அநேகமாக அந்த ஒரு முறைதான். முற்றுகை தோற்றது, தாமஸ் எதிரிகளோடு கூடிக்கொண்டார் என்ற பேச்சு எழுந்தது. காவெஸ்டனுக்கு நேர்ந்ததை மன்னர் மறக்கவும் இல்லை. 1321 இறுதியில் மன்னர் தம் புதிய அன்பர்களான டெஸ்பென்சர்களின் எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்தத் தொடங்கினார். 1322 மார்ச்சில் டிரென்ட் ஆற்றங்கரையில் பர்ட்டனில் தாமஸின் படை பின்வாங்கியது. அவர் தம் பான்ட்ஃப்ராக்ட் கோட்டைக்குத் திரும்பினார்.

அங்கே நடந்த கலந்தாய்வை அக்கால வரலாற்றேடு ஒன்று பதிந்திருக்கிறது. டன்ஸ்டன்பரோவுக்குப் போய்விடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தாமஸ் மறுத்தார்: வடக்கே போனால் ஸ்காட்லாந்துக்காரர்களோடு சேரப் போகிறோம் என்று ஊர் சொல்லும், துரோகிகள் ஆகிவிடுவோம் என்றார். அவருடைய தோழர்களில் ஒருவரான ரோஜர் கிளிஃபோர்ட் வாளை உருவி, வராவிட்டால் இங்கேயே கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய பின்னரே அவர் புறப்பட்டார் என்கிறது அந்த ஏடு. சொற்கள் அப்படியே இருந்தனவோ இல்லையோ, அந்தத் தயக்கம் நம்பத்தக்கது. தாமே தேர்ந்த புகலிடம் எல்லைக்கு அவ்வளவு அருகில் இருந்ததால், அதை நோக்கி அடியெடுத்து வைப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வது போலாகிவிட்டது. இடத்தைத் தேர்ந்த நாளில் பலமாகத் தோன்றியது, ஓட வேண்டிய நாளில் பொறியாக மாறியது.

பான்ட்ஃப்ராக்டிலிருந்து டன்ஸ்டன்பரோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால். மார்ச் 16 அன்று யூர் ஆற்றின் குறுக்கே பரோபிரிட்ஜ் பாலத்துக்கு வந்தபோது, கார்லைலின் காவலரான ஆண்ட்ரூ ஹார்க்லே ஈட்டி வீரர்களோடும் வில்லாளிகளோடும் பாலத்தையும் ஆற்றைக் கடக்கும் துறையையும் அடைத்து நின்றார். தாமஸின் முதன்மைக் கூட்டாளியான ஹியர்ஃபோர்ட் ஏர்ல் பாலத்தின் மேல் கொல்லப்பட்டார். அன்றிரவே பலர் ஓடிப்போயினர். மறுநாள் காலை தாமஸ் பிடிபட்டார். தம் சொந்தக் கோட்டையான பான்ட்ஃப்ராக்டிலேயே விசாரிக்கப்பட்டார். எதிர்வாதம் பேச அனுமதிக்கப்படவில்லை. மார்ச் 22 அன்று, ஸ்காட்லாந்துத் திசையை நோக்கி மண்டியிட வைத்து, அவர் தலையை வெட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அவருடைய கல்லறையில் அற்புதங்கள் நிகழ்வதாக மக்கள் திரண்டதும், அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு முயற்சிகள் நடந்ததும் தனிக்கதை. டன்ஸ்டன்பரோ மன்னர் கைக்குப் போய், பின்னர் தாமஸின் தம்பி ஹென்றியின் குடும்பத்துக்குத் திரும்பியது.

இரண்டாவது உரிமையாளரின் சோதனை

திருமண வழியில் லங்காஸ்டர் உடைமைகளைப் பெற்று 1362-இல் லங்காஸ்டர் டியூக் ஆன ஜான் ஆஃப் காண்ட், மூன்றாம் எட்வர்டின் மகன். எல்லைப் பகுதியின் பொறுப்பு அவரிடம் வந்தபின், 1380-இல் டன்ஸ்டன்பரோவைப் பார்வையிட்டுப் பணிகளுக்கு உத்தரவிட்டார். மறு ஆண்டு ஜூனில் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. லண்டனில் அவருடைய சவாய் மாளிகையைக் கிளர்ச்சியாளர்கள் எரித்தபோது அவர் எல்லையில் ஸ்காட்லாந்தோடு பேச்சுவார்த்தையில் இருந்தார். நார்தம்பர்லாந்தின் ஏர்ல் ஹென்றி பெர்சி அவருக்குக் கதவடைத்தார். டன்ஸ்டன்பரோ அவருடைய சொந்தக் கோட்டை. ஆயினும் அதை நம்பி உள்ளே இருக்க அவருக்கு மனம் வரவில்லை. நேற்று வரை எதிரிகளாயிருந்தவர்களின் எடின்பரோவில் விருந்தினராகத் தங்கினார்.

அதன்பின் நடந்த மாற்றங்கள் கல்லிலேயே தெரிகின்றன. தாமஸின் பெருமைக்குரிய நுழைவழியைச் சுவர் வைத்து அடைத்து, வாயில் மாளிகையை முழுக்க முழுக்க உள்ளரணாக ஆக்கினார்கள். பக்கத்தில் மேற்கு மதிலில் புதிய, சிறிய வாயில் ஒன்று திறக்கப்பட்டது. மாளிகையின் பின்புறம் சிறு உள்முற்றம் ஒன்றை மதிலிட்டு ஒடுக்கினார்கள். இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, முதலாமவர் உலகம் பார்க்கக் கட்டியதை இரண்டாமவர் காக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கினார் என்பது விளங்கும். 1399-இல் காண்டின் மகன் நான்காம் ஹென்றியாக முடிசூடினார். மன்னருக்கு எதிராக எழுந்த கோட்டை மன்னரின் சொத்தாயிற்று.

ரோஜாப் போர்கள்

அரச குடும்பத்தின் லங்காஸ்டர், யார்க் என்னும் இரு கிளைகள் இங்கிலாந்தின் அரியணைக்காக மோதிக்கொண்டவையே ரோஜாப் போர்கள். 1461-இல் டவுட்டன் போரில் யார்க் தரப்பு வென்று நான்காம் எட்வர்டு அரியணை ஏறிய பின்னும், நார்தம்பர்லாந்தின் கடலோரக் கோட்டைகள் லங்காஸ்டர் தரப்பின் கடைசிப் பிடியாக நின்றன. கடல் வழியே பிரான்சிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் உதவி வரும் என்ற நம்பிக்கைதான் காரணம். தாமஸின் பழைய கணக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறொருவரால் சோதிக்கப்பட்டது என்று சொல்லலாம். டன்ஸ்டன்பரோவைப் பிடித்திருந்த ரால்ஃப் பெர்சி 1461-இல் சரணடைந்து, அதே பதவியில் தொடர அனுமதி பெற்றார். 1462 இலையுதிர்காலத்தில், அரியணை இழந்த லங்காஸ்டர் மன்னர் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் அரசி பிரான்சிலிருந்து ஒரு சிறு படையோடு வந்திறங்கியதும் பெர்சி மீண்டும் லங்காஸ்டர் பக்கம் சேர்ந்தார். யார்க் தரப்பின் வார்விக் ஏர்ல் வார்க்வர்த்தில் தங்கி, ஆன்விக், பாம்பரோ, டன்ஸ்டன்பரோ மூன்றையும் ஒரே நேரத்தில் முற்றுகையிட்டார். கிறிஸ்துமஸை ஒட்டி டன்ஸ்டன்பரோ உடன்படிக்கையில் சரணடைந்தது. பெர்சியின் கையிலேயே கோட்டையை ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் மறுபடியும் மாறினார். 1464 ஏப்ரல் 25 அன்று ஹெட்ஜ்லி மூர் களத்தில் அவர் விழுந்தார். மே 15 அன்று ஹெக்சமில் லங்காஸ்டர் படை சிதறியது. ஜூனில் டன்ஸ்டன்பரோ கடைசி முறையாகப் பணிந்தது. வார்விக்கின் பீரங்கிகள் மதிலைப் பிளந்தது பாம்பரோவில்தான்.

இந்த மூன்று ஆண்டுகளில் கோட்டை கைமாறிய ஒவ்வொரு முறையும் முடிவு செய்தது ஆள்களின் பேரமும் விசுவாசமும். மதிலின் கனம் எங்கும் தீர்ப்பளிக்கவில்லை. கோட்டை வரலாறுகளில் சுவரின் பருமனை அளந்து எழுதும் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம், அந்தச் சுவருக்குள் இருந்தவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார், அக்கம்பக்கத்து நிலக்கிழார் யார் பக்கம் என்பதற்கும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிதைவு

1464-க்குப் பின் எவரும் இக்கோட்டைக்குத் தேவையான பணத்தைச் செலவிடவில்லை. ஒரு கல் கட்டடம் இடிவதற்குப் போர் வேண்டியதில்லை; கூரையிலிருந்து ஈயத் தகட்டை உரித்தால் போதும். மழை உத்தரங்களுக்குள் இறங்கும், உத்தரம் இற்றால் தளம் விழும், தளம் தாங்காத சுவரில் காரை கரைந்து கல் நழுவும். 16ஆம் நூற்றாண்டில் டன்ஸ்டன்பரோவின் ஈயம், ட்வீட் ஆற்றங்கரையில் இன்னும் பயன்பாட்டில் இருந்த வார்க் கோட்டைக்கும் வேறு இடங்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 1538-இல் எட்டாம் ஹென்றிக்கு அனுப்பப்பட்ட அறிக்கை இதை மிகவும் பாழான, வலிமை குன்றிய கட்டடம் என்று குறித்தது. 1603-இல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒரே மன்னர் வந்ததும் எல்லைக் கோட்டை என்பதற்கே பொருளில்லாமல் போனது. மறு ஆண்டு ஜேம்ஸ் மன்னர் அதைத் தனியாருக்கு விற்றார். 1605-இல் அது ரால்ஃப் கிரே என்பவரின் கைக்கு வந்தது.

பின்னர் வெளிமுற்றம் உழுநிலமாயிற்று. தாமஸ் மாடுகளுக்கும் மக்களுக்கும் விட்டிருந்ததாகச் சொல்லப்படும் வெளியில் தானியம் விளைந்தது. ஏர் ஓட்டிய மேடுபள்ளங்கள் புல்லடியில் இன்னும் தெரிகின்றன. 1797-இல் ஓவியர் டர்னர் தம் 22ஆம் வயதில் இங்கு வந்து வரைந்தார். அந்தப் படங்களால் கோட்டையின் பெயர் பரவியது. அதோடு கதைகளும் பரவின: பாறைக் குகையில் உறங்கும் இளவரசியைத் தேடி அலையும் வீரன், கோட்டையடிக் குடைவிலிருந்து படகேறித் தப்பிய மார்கரெட் அரசி. அந்தக் குடைவுக்கு இன்றும் அரசியின் பெயர்தான். இக்கதைகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் இங்கே வந்து போகிறவர்களில் எத்தனையோ பேர் மார்கரெட்டின் பெயரை அறிந்து, தாமஸின் பெயரை அறியாமல் திரும்புவது மனத்தை வருத்துகிறது.

1919-இல் இந்த நிலத்தை வாங்கிய ஆர்தர் சதர்லண்ட், பத்தாண்டு கழித்துக் கோட்டையின் பராமரிப்பை அரசிடம் ஒப்படைத்தார். அதையொட்டி இடிபாடுகள் தூர்வாரப்பட்டு, அகழாய்வும் நடந்தது. நழுவும் நிலையிலிருந்த கற்கள் நிலைப்படுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இக்கரையில் இறங்கக்கூடும் என்ற அச்சத்தில் இங்கே முள்வேலியும் பதுங்கு குழிகளும் கண்ணிவெடிகளும் அமைக்கப்பட்டன. படைவீரர்கள் கோட்டையிலிருந்து கடலைக் கண்காணித்தார்கள். 1961-இல் நிலம், பாரம்பரிய இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. கோட்டையை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பராமரிக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே கிராஸ்டர் பக்கமிருந்து வந்து, வாயில் மாளிகையைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நேரம் இருப்பவர்கள் வடமேற்கே எம்பிள்டன் மணற்பரப்பு வழியாகவும் சுற்றி வர வேண்டும். மேற்குப் பாறையின் உச்சியில் லில்பர்ன் கோபுரம் எழுந்து நிற்பதும், அதன் அடியில் நாணல் மூடிய பள்ளங்களாக அந்த ஏரிகள் கிடப்பதும், திரும்பிப் பார்த்தால் தூரத்தில் பாம்பரோ தெரிவதும் அந்தப் பக்கமிருந்துதான் ஒரே காட்சியாக அமைகின்றன. கனமழைக்குப் பின் பள்ளங்களில் நீர் தேங்கும்போது, 2003 ஆய்வாளர்கள் வரைபடத்தில் கோடிட்டுக் காட்டிய கரைகளை வெறும் கண்ணாலேயே பின்தொடரலாம்.